வேன் பேட்டரிக்கு ஏற்ற சத்தம் குறைந்த ஜெனரேட்டர்

தங்கிச் செல்வதற்கென்று மாற்றியமைத்த எங்கள் டிராவலர் வேனில் சிறிய ஃபிரிட்ஜ், மின்விசிறிகள், தண்ணீர் மோட்டார், விளக்குகள் எல்லாம் 12 வோல்ட், 200 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரி ஒன்றை நம்பி ஓடுகின்றன. ஊர் விட்டு ஊர் போகும்போது வண்டியின் எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரே அந்தப் பேட்டரியை நிரப்பிவிடுகிறது. வெயில் காலத்தில் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தாலும் கூரையில் பொருத்திய சோலார் பேனல் போதும். இரண்டும் கைகொடுக்காத காலம் ஒன்று உண்டு. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை இந்தக் கடற்கரையைப் பிடித்துக்கொள்ளும் நாட்களில், வானம் மூடிக் கிடக்கும். சோலார் பேனலில் இருந்து வரும் மின்சாரம் பெயரளவுக்குத்தான் இருக்கும். வேன் கடலூரில் வீட்டு வாசலில் நின்றபடி இருக்கும். கரண்ட் போவதும் அந்த நாட்களில்தான்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. நெய்வேலியில் அனல் மின்நிலையங்களை வைத்திருக்கும் இதே மாவட்டத்தில், பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது அந்த ஊரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இப்படிப்பட்ட ஊரில் பேட்டரியை நிரப்ப மூன்றாவதாக ஒரு வழி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. ஆனால் அந்த வழி அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது, முகாம் போடும் இடத்தில் நான்கு குடும்பங்கள் முகம் சுளிக்கும்படி இருக்கக் கூடாது என்பதிலும் நான் அதே அளவு உறுதியாக இருந்தேன்.

கடைக்குப் போனால் முதலில் கேட்பது, "எத்தனை கே.வி.ஏ. சார் வேணும்?" என்பதுதான். கே.வி.ஏ. என்பது ஜெனரேட்டர் கொடுக்கக்கூடிய வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி (இது வி.ஏ.) ஆயிரத்தால் வகுத்த அளவு. உண்மையில் அந்தக் கேள்விக்குக் கடைசியாகத்தான் பதில் சொல்ல வேண்டும். பேட்டரியில் ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகிறது, அதை எத்தனை மணி நேரத்தில் திருப்பி நிரப்ப வேண்டும், அதற்கு எத்தனை ஆம்பியர் சார்ஜர் வேண்டும், அந்தச் சார்ஜர் 230 வோல்ட் பக்கத்தில் எவ்வளவு இழுக்கும் என்று பேட்டரியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஜெனரேட்டரின் அளவு தானாக வந்து நிற்கும். அளவு சரியாக அமைந்துவிட்டால் சத்தமும் பெருமளவு அடங்கிவிடும். இரண்டும் ஒரே கணக்கு என்பதுதான் இந்தத் தேடலில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த விஷயம்.

எங்கள் வேனின் கணக்கையே சொல்கிறேன். ஒரு நாளைக்குச் சுமார் 100 ஏ.எச். செலவாகிறது. அதை இரண்டரை மணி நேரத்தில் நிரப்ப 40 ஆம்பியர் சார்ஜர் வேண்டும். 40 ஆம்பியரை, சார்ஜ் ஏறும்போது இருக்கும் 14 வோல்ட்டால் பெருக்கினால் 560 வாட். சார்ஜருக்குள் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் ஜெனரேட்டரிடமிருந்து அது 640 வாட் அளவுக்கு இழுக்கும். இத்தோடு கணக்கை முடித்துக்கொள்பவர்கள் 1 கே.வி.ஏ. போதும் என்று நினைப்பார்கள். ஆனால் விலை மலிவான சார்ஜர்கள் பலவற்றில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் வி.ஏ.யில் உண்மையில் வேலை செய்யும் வாட்டின் பங்கு) திருத்தம் இருக்காது. பவர் ஃபேக்டர் 0.7 என்று வைத்துக்கொண்டால் அதே 640 வாட்டுக்கு ஜெனரேட்டர் 900 வி.ஏ.க்கும் மேல் கொடுத்தாக வேண்டும். 1 கே.வி.ஏ. இயந்திரம் தொடர்ந்து தாங்கும் அளவு பெரும்பாலும் அந்த 900க்குப் பக்கத்தில்தான் முடிகிறது. முழுச் சுமையில் மணிக்கணக்கில் அலறிக்கொண்டு ஓடும் சிறிய இயந்திரம், பாதிச் சுமையில் நிதானமாக ஓடும் 2 கே.வி.ஏ. இயந்திரத்தைவிடத் தொந்தரவானது. எனவே சார்ஜர் வாங்கும்போதே பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ளதா என்று கேட்டு வாங்குவது நல்லது. கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஜெனரேட்டரின் அளவில் திரும்பி வந்துவிடும்.

மேல்நாட்டுக் கேரவன் பயணிகள் பல ஆண்டுகளாக 2 கிலோவாட் வகை இன்வெர்ட்டர் ஜெனரேட்டரையே (சுமைக்கேற்ப எஞ்சின் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வகை) நாடுவதற்குக் காரணமும் இதுதான். அங்கே பரவலாக விற்கும் ஹோண்டா இ.யு. 2200 ஐ என்ற மாடலை எடுத்துக்கொண்டால், 121 சி.சி. எஞ்சின், தொடர்ந்து 1,800 வாட், உச்சத்தில் 2,200 வாட், எடை 21 கிலோவை ஒட்டி. 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிப் பழகியவர் அதை வேனிலிருந்து இறக்கி ஏற்றிவிடலாம். வேனில் ஏ.சி.யும் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டு அடுத்த அளவான 3 கிலோவாட் வகைக்குப் போனால் எடை 60 கிலோவைத் தொடுகிறது. இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். கடலூரின் மே மாத வெக்கையில் அந்த ஆசை எனக்கும் புரியாததல்ல. ஆனால் ஏ.சி.க்கான ஜெனரேட்டரும் பேட்டரிக்கான ஜெனரேட்டரும் வேறு வேறு பொருட்கள். ஒன்றை வாங்கி இரண்டையும் சமாளிக்க நினைத்தால் ஆண்டின் பெரும்பகுதி தேவைக்கு மீறிய எடையையும் பெட்ரோல் செலவையும் சுமக்க வேண்டியிருக்கும்.

சத்தத்துக்கு வருகிறேன். பழைய வகை ஜெனரேட்டரில் எஞ்சினின் வேகம்தான் மின்சாரத்தின் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றியாக வேண்டும். ஒரே ஒரு பல்பு எரிந்தாலும் அதே 3,000தான், அதே இரைச்சல்தான். இன்வெர்ட்டர் வகையில் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் மின்சாரம் முதலில் டி.சி.யாக (நேர்மின்சாரமாக) மாற்றப்பட்டு, பிறகு மின்னணுச் சுற்று அதைச் சீரான 50 ஹெர்ட்ஸ் ஏ.சி.யாக (மாறுமின்சாரமாக) ஆக்குகிறது. அதனால் எஞ்சின் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடலாம். பக்கத்தில் நின்று கேட்டால் இது நன்றாகத் தெரியும். சுமை குறைந்தால் வேகத்தைக் குறைக்கும் ஈகோ சுவிட்சைப் போட்டதும் எஞ்சின் தாழ்ந்த குரலில் முணுமுணுக்கும். சார்ஜரைச் செருகியவுடன் ஓரிரு நொடி தயங்கி, மெல்ல ஏறி, ஒரு சுருதியில் நிலைத்து நிற்கும். பேட்டரி நிரம்பி ஆம்பியர் இறங்க இறங்க எஞ்சினும் கூடவே இறங்கி வரும். சார்ஜரின் திரையைப் பார்க்காமலே பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காதாலேயே சொல்லிவிட முடியும்.

விளம்பரத்தில் போடும் டெசிபெல் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன ஹோண்டாவுக்கு 48 முதல் 57 டெசிபெல் என்று நிறுவனமே குறிப்பிடுகிறது: கால் சுமையில் 48, முழுச் சுமையில் 57. யமஹா இ.எஃப். 2000 ஐ.எஸ். மாடலுக்கு விளம்பரத்தில் வரும் 51.5 என்பதும் கால் சுமைக்கான எண்தான். 10 டெசிபெல் கூடினால் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும் என்பதால், 48க்கும் 57க்கும் இடையே உள்ளது சின்ன வேறுபாடு அல்ல. எந்த எண்ணைப் பார்த்தாலும் எந்தச் சுமையில், எத்தனை மீட்டர் தூரத்தில் அளந்தது என்ற இரண்டையும் கேட்க வேண்டும். இந்த வகை இயந்திரங்களுக்கு 7 மீட்டர் தூரத்தில் அளப்பது வழக்கம்.

நம் நாட்டில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. பெட்ரோல், மண்ணெண்ணெய் ஜெனரேட்டர்களுக்கு 2003 செப்டம்பரிலிருந்து 86 டெசிபெல் என்ற உச்சவரம்பு நடைமுறையில் இருக்கிறது. இது இயந்திரம் மொத்தமாக வெளியிடும் ஒலித்திறனுக்கான அளவு. காதில் விழும் அளவல்ல. திறந்த வெளியில் 7 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் அதே 86 என்பது 61க்குப் பக்கத்தில் வரும். ஒரு கடையில் 86 என்று எழுதியிருக்கும் இயந்திரமும் மற்றொரு கடையில் 61 என்று சொல்லி விற்கும் இயந்திரமும் ஒரே அளவு இரைச்சல் உள்ளவையாக இருக்கலாம். இதை அறியாமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் நல்ல இயந்திரத்தைத் தள்ளிவிட்டு மோசமானதை வாங்க நேரிடும்.

குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்று வரம்பு வைத்துள்ளன. ஆகவே எவ்வளவு நல்ல ஜெனரேட்டராக இருந்தாலும் இரவில் ஓட்டுவதற்கு உரியதல்ல. இரவுக்குத்தான் பேட்டரி இருக்கிறது. பகலில் இரண்டரை மணி நேரம் ஓட்டினால் இரவு முழுவதும் ஃபிரிட்ஜும் விசிறியும் ஓடும். இந்த ஏற்பாட்டின் அருமையே இதில்தான் இருக்கிறது.

வைக்கும் இடமும் வாங்கும் மாடலும் ஒரே அளவு முக்கியம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும். ஆனால் கடலூர் ஓல்டு டவுன் தெருக்கள் பலவற்றில் எதிரெதிர் வாசல்களுக்கு இடையே 7 மீட்டர்கூடத் தேறாது. சுவரை ஒட்டி வைத்தால் சத்தம் திரும்பி அடிக்கும். இரண்டு சுவர் சேரும் மூலையில் வைத்தால் இன்னும் மோசம். சிமென்ட் தரையில் நேரடியாக வைத்தால் அதிர்வு தரை வழியாகப் பரவும் என்பதால் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றைப் போடுகிறேன். சைலன்சர் வாய் யாருடைய ஜன்னலையும் பார்க்காதபடி திருப்பி வைக்க வேண்டும். பிளைவுட் பெட்டி செய்து உள்ளே ஃபோம் ஒட்டி ஜெனரேட்டரை அடைத்து வைப்பவர்களைப் பார்க்கிறேன். அதைச் செய்ய வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். காற்றால் குளிரும் எஞ்சின் அது. காற்று தடைப்பட்டால் சூடேறும். பக்கத்திலேயே பெட்ரோல் டாங்க் இருக்கிறது.

லித்தியம் இல்லாமல் டியூபுலர் (ஈய-அமில) பேட்டரி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு மாறும். நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்கு இருக்கும் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரிக்கு 15 ஆம்பியரை ஒட்டிய சார்ஜ்தான் ஏற்றது. அவசரப்பட்டு 40 ஆம்பியர் ஏற்றக் கூடாது. மேலும் அது 80 சதவீதம் வரைதான் தாராளமாக வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் மின்னழுத்தம் 14.4 வோல்ட்டில் நிற்க, ஆம்பியர் சிறிது சிறிதாக இறங்கி, கடைசி 20 சதவீதம் நிரம்பப் பல மணி நேரம் பிடிக்கும். அந்தக் கடைசிப் பகுதிக்காக ஜெனரேட்டரை ஓட்டுவது பெட்ரோலை வீணடிப்பது. காலையில் ஜெனரேட்டரால் 80 சதவீதம் வரை ஏற்றிவிட்டு, மிச்சத்தைச் சோலாரிடமோ, கரண்ட் வந்த பிறகு மின்வாரியத்திடமோ விட்டுவிடலாம். ஆனால் நாட்கணக்கில் அரைகுறையாகவே வைத்திருந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரி கெட்டுவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியோ ஏறக்குறைய முடிவு வரை ஒரே வேகத்தில் வாங்கிக்கொள்கிறது. மழைக்காலத்தில் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தைக் குறைப்பதற்காகவே நான் லித்தியத்துக்கு மாறினேன் என்றாலும் மிகையில்லை.

ஜெனரேட்டரின் முகப்பில் இருக்கும் 12 வோல்ட் சாக்கெட்டைக் காட்டி, "பேட்டரி சார்ஜுக்குத் தனியா சார்ஜரே வேணாம்" என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. அந்தச் சாக்கெட்டில் பொதுவாக 8 ஆம்பியர் அளவுதான் வரும். 100 ஏ.எச். நிரப்ப அரை நாளுக்கும் மேல் ஓட வேண்டும். பேட்டரியின் நிலையறிந்து மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடும் அதில் இல்லை. வழியில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டால் உதவும், அவ்வளவுதான். 230 வோல்ட் சாக்கெட்டிலிருந்து நல்ல சார்ஜர் வழியாக ஏற்றுவதே முறை.

சார்ஜரை எங்கே வைப்பது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். ஜெனரேட்டரைத் தள்ளி வைக்க வேண்டும், சார்ஜர் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏ.சி. பக்கத்தில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டாலும் 4 ஆம்பியர் ஓடும்போது 230 வோல்ட்டில் 2 வோல்ட் அளவுதான் இழப்பு. அதையே மாற்றி, சார்ஜரை ஜெனரேட்டர் பக்கத்தில் வைத்து 6 சதுர மில்லிமீட்டர் வயரில் 5 மீட்டர் மட்டும் 40 ஆம்பியர் டி.சி.யைக் கொண்டு சென்றால் 14 வோல்ட்டில் ஒரு வோல்ட்டுக்கும் மேல் வழியிலேயே போய்விடும். பேட்டரி நிரம்பிவிட்டதாகச் சார்ஜர் தப்பாகக் கணித்து ஆம்பியரை முன்கூட்டியே குறைத்துவிடும். நீளம் ஏ.சி. பக்கம் இருக்கட்டும், டி.சி. பக்கம் குட்டையாகவும் தடியாகவும் இருக்கட்டும்.

தள்ளி வைக்கச் சொல்வது சத்தத்துக்காக மட்டும் அல்ல. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். வேனுக்குள்ளோ, வேனுக்கு அடியிலோ, வீட்டுப் போர்டிகோவிலோ, படிக்கட்டுக்குக் கீழோ ஓட்டவே கூடாது. 6 மீட்டராவது தள்ளி, காற்று வீசும் திசையைப் பார்த்து, புகை நம்மையும் பக்கத்து வீட்டையும் விட்டு விலகிப் போகும்படி வைக்க வேண்டும். நம் ஊரில் சிக்கல் என்னவென்றால், ஜெனரேட்டர் தேவைப்படும் நாளில் மழையும் பெய்யும். மழையில் நனைய ஓட்டுவதும் ஆபத்து, மூடிய இடத்தில் ஓட்டுவதும் ஆபத்து. நான்கு பக்கமும் திறந்து, மேலே மட்டும் தகரக் கூரை போட்ட சிறிய மேடை ஒன்றைத் தோட்டத்தின் கோடியில், வெள்ளம் ஏறாத உயரத்தில் அமைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் ஜெனரேட்டரே வந்தது. வேனுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டியிருக்கிறேன்.

வீட்டு இன்வெர்ட்டரையும் இதிலேயே சார்ஜ் செய்ய நினைப்பவர்கள், எக்ஸ்டென்ஷன் வயரின் இருமுனையிலும் பிளக் வைத்துச் சுவர் சாக்கெட்டில் செருகும் வேலையைச் செய்யவே கூடாது. ஜெனரேட்டர் மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போய்விடும். எங்கள் தெரு எலக்ட்ரீசியனிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் வயரிங் பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சேஞ்ச்ஓவர் போடாம ஒரு வீட்டுக்கும் நான் ஜெனரேட்டர் கனெக்‌ஷன் குடுக்க மாட்டேன். புயல் அடிச்ச மறுநாள் கம்பத்துல ஏறுறவன் நம்ம ஊரு பையன்." சேஞ்ச்ஓவர் என்பது வீட்டு வயரிங்கை மின்வாரியம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றோடு மட்டும் இணைக்கும் சுவிட்ச். அதை வைத்த பிறகும், ஜெனரேட்டர் மின்சாரம் வந்ததும் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்வதோடு வீட்டின் சுமையையும் நேராக ஜெனரேட்டர் மேல் ஏற்றிவிடும் என்பதால் தேவையற்ற சுவிட்சுகளை அணைத்துவிட வேண்டும்.

புதுச்சேரியில் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்காக வாங்கிக் குவித்து வைப்பதில் பயனில்லை. இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் கடற்கரை ஈரக்காற்றில் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு மாதத்துக்கு மேல் கார்புரேட்டரில் தேங்கினால் பிசின்போலப் படிந்து, சரியாக நமக்குத் தேவைப்படும் நாளில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எஞ்சின் பிடிக்காது. ஒவ்வொரு முறையும் ஓட்டி முடித்ததும் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை விட்டுவிடுவதே நல்லது. செலவு பெரிதல்ல: எங்கள் சுமைக்கு மணிக்கு அரை லிட்டரைச் சற்றுத் தாண்டும், ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குள் முடிந்துவிடும். தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருப்பவர்கள் சைலன்சர், திருகுகள், சாக்கெட் முனைகள் ஆகியவற்றை உப்புக்காற்று அரிப்பதையும் கவனிக்க வேண்டும். வேனை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: உயரம் ஒவ்வொரு 300 மீட்டர் கூடும்போதும் எஞ்சினின் திறன் 3.5 சதவீதம் அளவுக்குக் குறையும். 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டியில் கால்வாசித் திறன் போய்விடும். அளவு பார்க்கும்போது அந்த இடைவெளியையும் விட்டு வாங்க வேண்டும்.

புதுச்சேரியில் வாங்கச் சென்றபோது என் சார்ஜரையும், பாதி இறங்கிய பேட்டரி ஒன்றையும், வயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டரையும் கூடவே எடுத்துச் சென்றேன். கடைக்காரர் முதலில் வியந்தாலும், இயந்திரத்தைக் கடைக்குப் பின்னால் உள்ள வெட்டவெளியில் இறக்கி ஓட்டிக் காட்டினார். வெறுமனே ஓடும்போது கேட்கும் சத்தத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது; சார்ஜர் முழு ஆம்பியரில் இழுக்கும்போது ஈகோ சுவிட்ச் போட்டபடி எஞ்சின் ஏறி இறங்கித் திணறாமல் ஒரே வேகத்தில் நிற்கிறதா, மின்னழுத்தம் 230க்குப் பக்கத்தில் நிலைக்கிறதா, பத்தடி தள்ளி நின்று இருவர் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா என்று பார்த்தேன். உதிரி பாகங்களும் சர்வீஸும் கடலூரிலோ புதுச்சேரியிலோ கிடைக்குமா என்பதையும் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு, 2 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் வகையையே எடுத்தேன். "சோலார் ஜெனரேட்டர்" என்ற பெயரில் விற்கும் பெட்டியையும் காட்டினார்கள். அது இன்னொரு பேட்டரிதான். மழை நாளில் அதையும் யாராவது நிரப்ப வேண்டும்.

புது எஞ்சினுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே ஓடுவதால் 100 மணி நேரம் ஆகவில்லையே என்று நினைக்காமல், நான் செப்டம்பர் கடைசியில் ஆயிலை மாற்றி, ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து, புதுப் பெட்ரோல் ஊற்றி, சார்ஜரை மாட்டி அரை மணி நேரம் சுமையோடு ஓட்டிப் பார்த்து வைத்துவிடுகிறேன்.